பிரஷர் மாத்திரையும் மனமும்: எந்த மருந்து எதைத் தொடுகிறது?

பிரஷர் மாத்திரை தொடங்கியபின் கெட்ட கனவு, மந்தம், மறதி என்றால், முதலில் பார்க்க வேண்டியது மருந்தின் பெயர். வகைக்கு வகை மூளையில் விளைவு வேறு.

நாடித் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர்களை எடுத்துக்கொள்ளுங்கள். புரோப்ரனலால் கொழுப்பில் கரைவதால் மூளைக்குள் எளிதாக நுழையும். விசித்திரமான கனவுகளும் அரைகுறைத் தூக்கமும் வரலாம். அட்டெனலால் நீரில் கரைவது, மூளைக்குள் குறைவாகவே போகும். ஆனால் அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவது, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைத்தாக வேண்டும். மெட்டோப்ரோலால் இரண்டுக்கும் நடுவில். அதோடு மனச்சோர்வுக்கான பராக்ஸெடின் அல்லது ஃப்ளூவாக்ஸெடின் சேர்ந்தால், கல்லீரல் அதைச் சிதைப்பது தடைபட்டு ரத்தத்தில் அதன் அளவு பலமடங்கு ஏறும். நாடி குறையும், ஆள் துவண்டுபோவார். அதை மனச்சோர்வு முற்றிவிட்டதாக நினைப்பது எளிது. பீட்டா பிளாக்கர் மனச்சோர்வைத் தரும் என்ற பழைய குற்றச்சாட்டுக்கு, 285 ஆய்வுகளைத் தொகுத்த 2021 அலசலில் ஆதரவு கிடைக்கவில்லை; தூக்கச் சிக்கல்தான் மிஞ்சியது.

குளோனிடின், மெத்தில்டோபா இரண்டும் மூளையிலேயே வேலை செய்பவை. தூக்கக் கலக்கம் இவற்றில்தான் அதிகம். குளோனிடினைத் திடீரென நிறுத்தினால் பதற்றம், நடுக்கத்தோடு அழுத்தம் எகிறும். கர்ப்பத்தில் மெத்தில்டோபா எடுத்தவர்களுக்கு, மனச்சோர்வு அபாயம் கருதிப் பிரசவத்துக்குப் பின் வேறு மருந்துக்கு மாற்றுவார்கள்.

என் கணக்கில் அதிகம் தவறவிடப்படுவது தயாசைடு வகை நீர் மாத்திரை. ஹைட்ரோகுளோரோதயாசைடு, குளோர்தாலிடோன், இண்டாபமைடு எல்லாம் ரத்தச் சோடியத்தைக் குறைக்கும். முதியவர்களுக்கு, பெரும்பாலும் தொடங்கிய சில வாரங்களில், குழப்பம், தள்ளாட்டம், பேச்சில் தடுமாற்றம் வரும். டிமென்ஷியா என்று வீட்டார் முடிவுகட்டிவிடுவார்கள். ரத்தச் சோடியம் 135 mmol/L-க்குக் கீழே போனாலே குறைவு. 125-க்கும் கீழ் என்றால் தாமதிக்கக் கூடாது. இருதுருவ மனநோய்க்கான லித்தியம் எடுப்பவருக்கு இந்த வகை அதன் அளவை நஞ்சாகும் வரை ஏற்றலாம். ராமிப்ரில், டெல்மிசார்டன் என்ற பிரஷர் மருந்துகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

மனத்தெளிவு மட்டுமே அளவுகோல் என்றால் அம்லோடிபினும் டெல்மிசார்டனும் முன்னால் நிற்கும். ஆனால் இதயச் செயலிழப்பு இருப்பவருக்குக் கனவுக்குப் பயந்து பீட்டா பிளாக்கரை விடச் சொல்ல மாட்டேன். மாற்றத்தான் வேண்டுமென்றால், மருத்துவர் சொல்படி ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எந்த மருந்தானாலும் அளவு மிஞ்சினால் தலை மந்தமாகும். ஐந்து நிமிடம் படுத்து அளந்து, எழுந்து நின்று முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், அந்தக் குறிப்போடு மருத்துவரிடம் போங்கள்.