உள்ளேயே தங்குவதா, தினமும் வந்துபோவதா? தொற்றுக்காலத்தில் முதியோர் இல்லப் பணியாளர்கள்

கோவைக்கு வெளியே 28 பேர் இருக்கும் ஒரு சின்ன முதியோர் இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஆயாம்மாக்கள், நர்ஸ், சமையல் எல்லாம் சேர்த்துப் பணியாளர்கள் 14 பேர். கொரோனா முதல் அலையில் எல்லோரும் வழக்கம்போல ஷிஃப்டுக்கு வந்து போனார்கள். இரண்டாம் அலையில் பாதிப் பேர் இரண்டு வாரம் உள்ளேயே தங்கினார்கள், மீதிப் பேர் வீட்டில் இருந்தார்கள், பிறகு மாற்றிக்கொண்டார்கள். இரண்டையும் செய்து பார்த்ததால், அடுத்து ஏதாவது வந்தால் எதைச் செய்வது என்று இல்லம் நடத்தும் நண்பர்கள் கேட்கிறார்கள். உள்ளே தங்கும் முறைதான் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் அதில் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டால் பத்தே நாளில் கைவிட வேண்டிவரும்.

முகக்கவசம், கை கழுவுவது, ஆக்சிமீட்டர், பார்வையாளர்களை நிறுத்துவது எல்லாம் இரண்டு முறைக்கும் பொது. அதற்குள் போகவில்லை.

ஷிஃப்ட் முறையில் கூடுதல் செலவு கிடையாது. படுக்க இடம் தேட வேண்டாம். ஆட்கள் வீட்டில் தூங்கி எழுந்து தெம்பாக வருவார்கள். நடந்து வரும் தூரத்தில் குடியிருப்பவர்கள் என்றால் இன்னும் வசதி.

சிக்கல் கேட்டில் இருக்கிறது. அங்கே நம்மால் முடிந்தது நெற்றிக்கு நேராகத் தெர்மாமீட்டரைக் காட்டுவதுதான். காய்ச்சல் வருவதற்கு முன்பே பரவும் நோய்க்கு அது போதாது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்தின் கிங் கவுண்டியில் 2020 மார்ச்சில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் 76 முதியவர்களைப் பரிசோதித்தார்கள். 48 பேருக்குத் தொற்று. அந்த 48 பேரில் 27 பேருக்குப் பரிசோதித்த சமயத்தில் அறிகுறியே இல்லை. அதே கவுண்டியில் கிர்க்லேண்ட் நகரத்து இல்லம் ஒன்றில் தொற்று எப்படிப் பரவியது என்று ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணங்களில் இரண்டு எனக்கு மறக்காது. பணியாளர்கள் உடம்பு சரியில்லாமலே வேலைக்கு வந்தார்கள். ஒரே ஆள் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தார். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவும் ஒன்டாரியோவும் அந்த மார்ச், ஏப்ரலிலேயே ‘ஒருவர் ஒரே இல்லத்தில்தான் வேலை செய்ய வேண்டும்’ என்று உத்தரவு போட்டது இதனால்தான்.

எங்களிடமும் இதேதான் நடந்தது. 2020 செப்டம்பரில் நைட் டூட்டி ஆயாம்மா ஒருவரின் கணவருக்குக் காய்ச்சல். அவர் எங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் வரவேண்டாம் என்போம், வராத நாளுக்குச் சம்பளம் பிடிப்போம் என்று அவருக்குத் தெரியும். அப்போது அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தோம். தப்பு எங்கள் மேல்தான். பத்து நாளில் ஆறு பேருக்குத் தொற்று வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை. அதில் ஒரு பாட்டி, ராத்திரியில் அந்த ஆயாம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டால்தான் தூங்குவார்.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 14 பேர் தினமும் வந்துபோனால், வீட்டுக்கு நாலு பேர் என்று வைத்தாலும் 56 பேர் எங்கெங்கோ போய்வருவது எங்கள் கட்டில்கள் வரைக்கும் வருகிறது. உள்ளே தங்கினால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏழு பேர் மட்டும்தான் கேட்டைத் தாண்டுகிறார்கள். அந்த ஒரு நாளைக் கவனமாகக் கையாண்டால் போதும். புதிய பேட்ச் மூன்று நாள் முன்னதாகவே வந்து மாடியில் தனியாக இருக்கும். ஸ்வாப் ரிசல்ட் வந்த பிறகுதான் கீழே இறங்கும்.

பிரான்ஸில் லியோன் நகருக்குப் பக்கத்தில் ஒரு இல்லத்தில் 2020 வசந்தகாலத்தில் பணியாளர்கள் தாங்களாகவே முன்வந்து 47 நாள் முதியவர்களோடு உள்ளே தங்கினார்கள், அங்கே கொரோனாவால் ஒருவரும் இறக்கவில்லை என்று படித்திருந்தேன். 47 நாளை நம் ஆட்களிடம் கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. 14 நாள் கேட்டேன்.

இனி அந்த ஒரு விஷயம். உள்ளே தங்கும் முறை நிற்பதும் விழுவதும் பணியாளரின் வீட்டைப் பொறுத்தது. கட்டில், மெத்தை, தனிக் கழிப்பறை எல்லாம் பணம் இருந்தால் இரண்டு நாளில் ஏற்பாடு செய்துவிடலாம். 2021 மே மாதம் முதல் பேட்ச் உள்ளே வந்து ஒன்பதாம் நாள், ஒரு ஆயாம்மா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று மகனோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார். பையனுக்கு ஆறு வயது. அம்மா வந்தால்தான் சாப்பிடுவேன் என்று தட்டைத் தள்ளிவிட்டான். போனை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். “அக்கா, நான் போறேனுங்க. எனக்கு இங்க கை ஓடலைங்க.” அவர் போயிருந்தால் மற்றவர்களும் கிளம்பியிருப்பார்கள். அன்று மாலை எங்கள் டிரைவர் அந்த ஆயாம்மாவின் அம்மாவை அன்னூரிலிருந்து கூட்டிவந்து பையனிடம் விட்டார். ஆயாம்மா தங்கினார். பாட்டி வந்த பிறகு பையனும் சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு, அடுத்த பேட்ச் உள்ளே வருவதற்கு முன்பே ஒவ்வொரு பணியாளர் வீட்டுக்கும் ஆள் அனுப்பிப் பேசினோம். குழந்தையை யார் பார்ப்பார்கள், மாமியாருக்குச் சுகர் மாத்திரை யார் வாங்கித் தருவார்கள், ரேஷன் வாங்க யார் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதினோம். அரிசி, பருப்பு, எண்ணெய் வீட்டுக்கே போனது. டிரைவர் கேட்டுக்கு வெளியே இருந்தபடி பணியாளர் வீடுகளை மட்டும் கவனித்தார். முக்கியமாக, வீட்டில் இருக்கும் இரண்டு வாரத்துக்கும் முழுச் சம்பளம் கொடுத்தோம். உள்ளே இருப்பவர்களுக்கு அதற்கு மேல் படி. சம்பளச் செலவு ஏறக்குறைய ஒன்றரை மடங்கானது. கொஞ்சத்தை அறங்காவலர்கள் ஏற்றார்கள், கொஞ்சம் முதியவர்களின் குடும்பங்கள் தந்தன. சம்பளம் நிற்காது என்று தெரிந்த பிறகு ஆட்கள் உண்மையைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு சமையல் உதவியாளர் மாறும் நாளுக்கு முன் தானே போன் செய்து, “வீட்ல தங்கச்சிக்கு இருமல், நான் வரலைங்க” என்றார். முதல் அலையில் எங்களுக்குக் கிடைக்காத போன் அது.

மே 10-இல் ஊரடங்கு வந்து பஸ் நின்றது. மாதக் கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே தாண்டியது. அந்த நாட்களில் ஷிஃப்டை நம்பியிருந்தால் பாதி ஆட்கள் வந்து சேர்ந்திருக்கவே மாட்டார்கள்.

அந்த இரண்டு மாதத்தில் முதியவர்கள் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. அதற்காக முழுப் பெருமையையும் இந்த முறைக்கு நான் கொடுக்கமாட்டேன். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மார்ச் 1-லேயே தடுப்பூசி தொடங்கிவிட்டது, எங்கள் முதியவர்களில் பெரும்பாலோர் முதல் டோஸ் போட்டிருந்தார்கள். அப்புறம், நாங்கள் நான்கு பேட்ச்தான் ஓட்டினோம். ஆறு மாதம் இப்படி ஓடுமா, நூறு பேர் இருக்கும் இல்லத்தில் நடக்குமா என்பதற்கு என் அனுபவம் போதாது. ஏழாவது எட்டாவது நாளில் ஆட்களுக்குத் தூக்கம் கெட்டு எரிச்சல் வருவதையும் பார்த்தேன். அறிவு மங்கிய தாத்தா ஒருவர் பேட்ச் மாறும்போதெல்லாம் இரண்டு நாள் சாப்பிட மறுத்தார். அவருக்குப் பழைய ஷிஃப்ட் முறையே நல்லதாக இருந்திருக்கும்.

கைக்குழந்தை உள்ள இருவர், தனியாக அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் என மூன்று பேர் உள்ளே தங்க முடியாது என்றார்கள். கட்டாயப்படுத்தவில்லை. காய்கறி, மருந்து வாங்கிக் கேட்டில் வைக்கும் வேலை அவர்களுக்கு. அவர்கள் இடத்துக்கு இரண்டு பேரைத் தற்காலிகமாக எடுத்தோம். மாடி அறை இல்லாத, ஆட்கள் அடுத்த தெருவிலேயே இருக்கும் இல்லங்கள் ஷிஃப்டையே தொடரலாம். ஆனால் காய்ச்சல் விடுப்புக்குச் சம்பளம் உண்டு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வேறு இடத்தில் வேலை பார்ப்பவர் இருந்தால் அந்த வருமானத்தையும் நீங்களே ஈடுகட்டுங்கள்.

மாடியில் எட்டுக் கட்டில்களை இன்னும் மடித்து வைத்திருக்கிறோம். அந்த வீட்டு நோட்டை ஒவ்வொரு ஜூனிலும், பள்ளி திறந்தவுடன் திருத்துகிறோம். குழந்தைகளின் பள்ளி மாறும், பார்த்துக்கொள்ளும் பாட்டிகள் ஊருக்குப் போய்விடுவார்கள். போன முறை பார்த்ததில் 14 வீடுகளில் ஐந்தில் பழைய விவரம் செல்லாது.