பழைய கணினிக்கு எது வேகம் தரும்: ஃபார்மட்டா, ராமா, எஸ்.எஸ்.டி.யா, லினக்ஸா?

அக்கா வீட்டு மடிக்கணினி 2014இல் வாங்கியது: இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம் (அதாவது நினைவகம்), 500 ஜிபி வன்தட்டு, பின்னாளில் ஏற்றிய விண்டோஸ் 10. அதை ஆன் செய்துவிட்டு அடுப்பில் பாலை வைத்தால், பால் பொங்கி, காபி கலந்து, டம்ளரோடு வந்து உட்காரும்போதும் திரையில் நீல வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். இதற்கு மருந்து கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பழுதுபார்க்கும் கடையில் ஃபார்மட் அடிக்கலாம் என்பார்கள், அலுவலக நண்பர் ராமைக் கூட்டச் சொல்வார், இன்னொருவர் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்ற சில்லு வகைச் சேமிப்பகத்தை மாற்றச் சொல்வார், கல்லூரி மாணவர் ஒருவர் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடச் சொல்வார். நான்கிலும் பலன் உண்டு. ஆயினும் அவை வெவ்வேறு நோய்களுக்கான மருந்துகள் என்பதால், நோயைப் பாராமல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவருக்குப் பணமும் நேரமும்தான் செலவாகும்.

நோயைப் பார்ப்பதற்குத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். கணினி திணறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்திலேயே அதைத் திறந்து, பிராசஸர், நினைவகம், வட்டு ஆகிய மூன்று பத்திகளையும் பார்க்க வேண்டும். அக்காவின் கணினியில் பிராசஸர் 15 சதவீதத்தைத் தாண்டவில்லை. நினைவகம் 70 சதவீதத்தில் நின்றது. வட்டு மட்டும் 100 சதவீதத்தில் சிவந்திருந்தது. அப்படி முழு மூச்சாக உழைத்த வட்டு உண்மையில் படித்துக்கொண்டிருந்ததோ நொடிக்கு ஓரிரு எம்பிதான். இந்த முரண்தான் முக்கியமான தடயம்.

மடிக்கணினிகளில் அக்காலத்தில் வந்த வன்தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்பவை. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லிநொடி ஆகும். தேடும் தகவல் வட்டைப் படிக்கும் தலைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலையே சரியான தடத்துக்கு நகர்ந்தாக வேண்டும். இவ்வளவையும் கூட்டினால், ஆங்காங்கே சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை நொடிக்கு நூறு முறைகூட அதனால் எடுத்துத் தர முடியாது. ஒரே பெரிய படக்கோப்பை வரிசையாகப் படிக்கச் சொன்னால் நொடிக்கு 100 எம்பி அளவுக்குத் தரக்கூடிய அதே வட்டு, விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் கேட்கப்படுகையிலும், அதே நேரத்தில் வைரஸ் தடுப்பானும் அப்டேட்டும் தங்கள் பங்குக்குக் கேட்கையிலும் மூச்சு முட்டிப்போகிறது. எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் நகர்வதும் எதுவும் இல்லை. சாட்டா என்ற வழக்கமான இணைப்பில் பொருந்தும் சாதாரண எஸ்.எஸ்.டி.யே இத்தகைய கோரிக்கைகளை நொடிக்குப் பல்லாயிரக்கணக்கில் நிறைவேற்றும். வீட்டுக் கணினியில் மனிதர் உணரும் வேகம் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

“ஏன்டா, ஃபார்மட் அடிச்சாப் போதாதா? போன தடவை நல்லாத்தானே ஓடுச்சு?” என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான். ஃபார்மட் செய்து இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றும்போது, தேவையற்ற நிரல்கள் தாமாகத் தொடங்குவது நின்றுவிடுகிறது. வட்டிலும் கோப்புகள் ஒழுங்காக அமைகின்றன. அதனால் வேகம் கூடுவது உண்மையே. ஆனால் சுழலும் வட்டு அதே வட்டுதான். அப்டேட்டுகளும் நிரல்களும் மீண்டும் சேரச் சேர, சில மாதங்களில் பழைய நிலை திரும்பிவிடுகிறது. அதற்குக் கொடுக்கும் விலையும் சிறியதன்று: உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், டெஸ்க்டாப்பில் கிடந்த புகைப்படங்கள், பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதங்களுக்கு வேண்டிய எழுத்துருக்கள் எல்லாம் ஒரே நாளில் போய்விடக்கூடும். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் வேண்டாதவற்றை நிறுத்தினாலே ஃபார்மட் தரும் பலனில் கணிசமான பங்கு செலவில்லாமல் கிடைத்துவிடும். இரண்டு வைரஸ் தடுப்பான்கள் இருந்தால் ஒன்றை நீக்கிவிட வேண்டும். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்வதாகச் சொல்லும் மென்பொருள்களை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றால் வேகம் கூடி நான் பார்த்ததில்லை, கணினி எழாமல் போய்ப் பார்த்திருக்கிறேன்.

உண்மையான போட்டி ராமுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் இடையில்தான், அதுவும் கையில் ஒன்றுக்கு மட்டுமே பணம் இருக்கும்போது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நினைவகம் நிரம்பிவிட்டால், விண்டோஸ் அதன் ஒரு பகுதியை வட்டில் எழுதிவைத்துவிட்டுத் தேவைப்படும்போது திரும்பப் படிக்கிறது. ஆகவே ராம் பற்றாக்குறையும் வெளியே வட்டின் 100 சதவீதமாகவே தோன்றும். நினைவகப் பத்தி 90ஐத் தாண்டி, வட்டும் சிவந்திருந்தால், இரண்டுமே குறைவு என்று கொள்ளலாம். நினைவகம் 60, 70இல் நிற்க, வட்டு மட்டும் சிவந்திருந்தால், எத்தனை ஜிபி ராம் சேர்த்தாலும் கணினி எழும் நேரம் குறையப்போவதில்லை. எஸ்.எஸ்.டி.யோ தன் வேலையைச் செய்வதோடு, ராம் பற்றாமல் வட்டுக்கு ஓடும் அந்தப் போக்குவரத்தையும் தாங்கக்கூடியதாக்கிவிடுகிறது. ராமால் எஸ்.எஸ்.டி.யின் குறையை அப்படி ஈடுகட்ட முடியாது. எனவே 4 ஜிபி உள்ள கணினிக்கு முதலில் எஸ்.எஸ்.டி., பிறகு தேவையானால் ராம் என்பதே என் தீர்ப்பு. 2 ஜிபி மட்டுமே உள்ள கணினிக்கு இது பொருந்தாது. அங்கே உலாவியைத் திறந்ததுமே நினைவகம் தீர்ந்துவிடும் என்பதால் இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ராம் வாங்குவதில் தவறு நேர்வதும் எளிது. அக்கால ராமில் டிடிஆர்3 வகை 1.5 வோல்ட்டில் இயங்குவது, டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில் இயங்குவது. துண்டின் விளிம்பிலுள்ள பள்ளம் ஒரே இடத்தில் இருப்பதால் இரண்டும் ஒரே பொருத்துவாயில் அச்சாக உட்காரும். ஆனால் நான்காம் தலைமுறை மடிக்கணினிகள் குறைந்த மின்னழுத்த வகையைக் கேட்பவை என்பதால், மற்றதைப் போட்டால் திரை இருட்டாகவே இருக்கக்கூடும். பழைய ராம் துண்டைக் கழற்றி, அதன் மேல் ஒட்டிய தாளில் எல் என்ற எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது நல்லது. விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை.

எஸ்.எஸ்.டி.யில் குழப்பம் குறைவு. பழைய கணினியில் சாட்டா இணைப்புதான் இருக்கும், ஆகவே 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. போதும், அதைவிட வேகமான என்விஎம்இ வகைக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. மூன்றாம் தலைமுறை சாட்டாவில் அது நொடிக்கு 550 எம்பி வரை தரும்; இன்னும் பழைய இரண்டாம் தலைமுறையில் அதில் பாதியே வரும். அதைக் கண்டு தயங்க வேண்டாம், ஏனெனில் மேலே சொன்ன சிறு கோரிக்கைகளின் வேகம்தான் நமக்கு வேண்டியது. பழைய வன்தட்டையும் வீணாக்க வேண்டியதில்லை: மேசைக் கணினியில் அது இரண்டாம் வட்டாக இருந்துவிடலாம், மடிக்கணினியில் யாரும் தொடாத டிவிடி டிரைவைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் கேடி எனப்படும் சட்டத்தில் வைத்துப் பொருத்திக்கொள்ளலாம். அந்தச் சட்டம் 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என இரு தடிமன்களில் வருவதால் அளந்துவிட்டு வாங்க வேண்டும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் பழைய வட்டை மஞ்சளில் காட்டினாலோ, வட்டிலிருந்து டக் டக் என்று ஒலி வந்தாலோ, வேகத்தைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு முதலில் புகைப்படங்களை வேறிடத்துக்கு எடுத்துவிட வேண்டும்.

தூசி துடைப்பதைப் பலர் இந்தப் பட்டியலிலேயே சேர்ப்பதில்லை. அது தீர்க்கும் நோய்க்குத் தனி அடையாளம் உண்டு: கணினி நன்றாகத் தொடங்கி, அரைமணி நேரம் கழித்து விசிறி இரைச்சலோடு தளர்ந்தால், பிராசஸர் சூட்டைத் தணிக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது என்று பொருள். அக்காவின் கணினியைத் திருப்புளியால் திறந்தபோது, விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி ஒரு கம்பளித் துண்டைப் போலப் படிந்திருந்தது. விரலால் பிடித்து இழுத்ததும் முழுசாக உரிந்து வந்தது. காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது விசிறி சுழன்றுவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிராசஸரின் சூட்டை வெளியே கடத்த உதவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது; அதையும் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வைத்தேன்.

லினக்ஸைப் பற்றி ஆர்வலர்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட் லினக்ஸின் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய பதிப்பு 2 ஜிபி ராமில் இயங்கும், 4 ஜிபியில் வசதியாக இயங்கும். லுபுன்டு என்ற மற்றொரு வகை இன்னும் எளியது. பின்னணியில் வட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கும் வேலைகள் விண்டோஸை விட அவற்றில் குறைவு. ஆனால் உலாவி எங்கும் உலாவிதான்: பத்துத் தாவல்களைத் திறந்தால் எந்த இயங்குதளமானாலும் அது கேட்கும் நினைவகம் ஏறக்குறைய ஒன்றே. பெண்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டு அதுதான் லினக்ஸின் வேகம் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. பெண்டிரைவ் வன்தட்டைவிடவும் திணறக்கூடும். தமிழில் தட்டச்சு செய்யத் தமிழ்99 விசைப்பலகை அங்கும் உண்டு. டேலி வைத்துக் கணக்கு எழுதுபவருக்குத்தான் சிக்கல், ஏனெனில் அது விண்டோஸுக்கானது. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கி மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்ததால், பல வீடுகளுக்கு லினக்ஸ் முற்றிலும் அந்நியமும் அன்று.

வேகத்தைத் தாண்டிய ஒரு காரணம் இப்போது தராசை லினக்ஸின் பக்கம் சாய்க்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2026 அக்டோபர் 13 வரை நீளும். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரையும் கேட்கிறது. 2014ஆம் ஆண்டுக் கணினி அந்த வாசலைத் தாண்டாது. தடையைச் சுற்றி ஏற்றும் வழிகள் உண்டு என்றாலும், வங்கிப் பரிமாற்றம் நடக்கும் கணினியில் அதை நான் செய்ய மாட்டேன். எஸ்.எஸ்.டி.யும் மின்ட்டும் சேர்ந்த இணையையே, டேலி தேவைப்படாத வீட்டுக்கு மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். டாஸ்க் மேனேஜரில் பிராசஸர்தான் எந்நேரமும் 100இல் நிற்கிறது என்றாலோ, சேமிப்பகம் பலகையோடு பற்றவைத்த இஎம்எம்சி வகை என்றாலோ இவை எதிலும் செலவிட வேண்டாம். அலுவலகங்கள் கழித்துவிட்ட எட்டாம் தலைமுறை மேசைக் கணினி ஒன்றை வாங்குவதே அங்கு மேல்.

அத்திம்பேர் டேலியில்தான் கடைக் கணக்கு எழுதுகிறார். அதனால் 240 ஜிபி எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தி, அதில் விண்டோஸ் 10க்கும் மின்ட்டுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கினேன். கணக்குக்கு ஒன்று, வங்கிக்கும் உலாவிக்கும் மற்றொன்று. பழைய வட்டு டிவிடி டிரைவ் இருந்த இடத்தில் புகைப்படங்களோடு இருக்கிறது. பால் வைக்கப் போகும் முன்பே இப்போது கணினி எழுந்துவிடுகிறது. ஒரு மாதம் கழித்து அக்கா மகள் இணைய வகுப்பில் இருந்த நேரத்தில் நினைவகத்தைப் பார்த்தபோது அது 93 சதவீதத்தைத் தொட்டிருந்தது. அதன் பிறகே 4 ஜிபி டிடிஆர்3எல் துண்டு ஒன்றை வாங்கிச் சேர்த்தோம்.