கொய்யாவில் பழ ஈ: மருந்துத் தெளிப்பா, கவர்ச்சிப் பொறியா?

கொய்யா மரத்தை நின்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். கனிந்த பழம், பச்சைக் காய், பிஞ்சு, அன்று காலை விரிந்த பூ என எல்லாம் ஒரே மரத்தில் இருக்கும். பழ ஈக்காக அடிக்கும் மருந்து பூவிலும்தான் படியும். கொய்யாப் பூ விடிகாலையில் மலரும். தேனீ மகரந்தம் எடுக்க வருவதும் அந்த வேளையில்தான். கொய்யா தன் மகரந்தத்திலேயே காய்க்கும் என்றாலும் தேனீ வந்துபோனால் காய்ப்பிடிப்பு கூடும். அதை இழப்பது பெரிய இழப்பு.

தெளிப்பில் வேகம் உண்டு. ஆனால் ஈயின் முட்டை பழத்தோலுக்கு அடியிலும் புழு சதைக்குள்ளும் இருப்பதால், பூச்சியின் மேல் பட்டால்தான் கொல்லும் தொடுநஞ்சு அங்கே எட்டாது. ஊடுருவும் மருந்து எட்டும். ஆனால் அடித்தபின் காத்திருப்புக் காலம் முடியாமல் பறிக்கக் கூடாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பறிக்கும் தோட்டத்துக்கு அது ஒத்துவராது.

ஆகவே என் ஓட்டு, பழ ஈயை வாசத்தால் இழுக்கும் மெத்தில் யூஜினால் வைத்த பொறிக்கே. ஆனால் பொறி பலன் தருவதும் தராததும் பராமரிப்பைப் பொறுத்தது. 5 செ.மீ. சதுர ஒட்டுப்பலகைத் துண்டை எத்தில் ஆல்கஹால் 6, மெத்தில் யூஜினால் 4, மாலத்தியான் (பூச்சிக்கொல்லி) 1 என்ற விகிதக் கலவையில் 2, 3 நாள் ஊறவைத்து, பக்கவாட்டில் துளையிட்ட டப்பாவுக்குள் தொங்கவிட வேண்டும். கையுறை அவசியம். கலவை டப்பாவின் வெளியே பட்டால் ஈக்கள் உள்ளே போகாமல் வெளியிலேயே மொய்க்கும். வெயிலில் மாட்டினால் மருந்து சீக்கிரம் ஆவியாகிவிடும். நிழலில், ஆள் உயரத்தில் மாட்டுங்கள். கம்பியில் கிரீஸ் தடவாவிட்டால் செத்த ஈக்களை எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடும், எத்தனை ஈ விழுந்தது என்ற கணக்கே கிடைக்காது. மஞ்சள், வெள்ளை டப்பா வேண்டாம், அந்த நிறங்கள் தேனீயையும் இழுக்கும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை கட்டையை மாற்றுங்கள். பழம் முற்றிய பின் மாட்டுவது வீண். பிஞ்சிலேயே தொடங்க வேண்டும்.

இதில் விழுவது ஆண் ஈ மட்டுமே. ஏற்கெனவே இணைசேர்ந்த பெண் ஈ முட்டையிட்டுக்கொண்டுதான் இருக்கும். அதற்குப் புரத இரையோடு ஸ்பினோசாட் என்ற பூச்சிக்கொல்லியைக் கலந்து, பூ இல்லாத தாழ்கிளை இலைகளின் அடிப்பக்கத்தில் மாலையில் திட்டுத் திட்டாகத் தெளிக்கலாம். செலவு மிச்சம் என்று புரதத்துக்குப் பதில் வெல்லப்பாகைக் கலந்துவிடாதீர்கள். ஈக்கு வைத்த நஞ்சைத் தேனீ வந்து குடிக்கும்.

விழுந்த பழங்களை அன்றாடம் பொறுக்காவிட்டால் இவ்வளவு பாடும் வீண். புழு பழத்தைவிட்டு இறங்கி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும். பொறுக்கியதைக் குப்பைக்குழியில் கொட்டாமல் கெட்டியான பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள்.

காய்க்கு உறை போடுவது தெளிப்பு, பொறி இரண்டையும்விடச் சுத்தமான வழி. பூ முடிந்தபின் போடுவதால் தேனீக்குத் தொல்லையே இல்லை. பெரிய தோட்டத்தில் ஆள்கூலிதான் தடை. பக்கத்தில் கவனிப்பாரற்ற மரங்கள் நின்றால் அங்கிருந்து பெண் ஈ வந்துகொண்டே இருக்கும். அந்த ஓர வரிசைக்கு மட்டுமாவது உறை போட்டுவிடுங்கள்.