வக்கயாமா பூனை ரயில், ஒரு ரிட்டயர்டு ஆளோட ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், பூனை ஸ்டேஷன் மாஸ்டர மட்டும் பாக்கணும்னு போனீங்கன்னா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுடும், அதுவும் பெரும்பாலும் தூங்கிட்டுதான் இருக்கும். ரயிலுக்காகப் போங்க. நான் சொல்றது ஜப்பான்ல வக்கயாமாலேர்ந்து கிஷி வரைக்கும் ஓடுற கிஷிகாவா லைன். மொத்தமே 14.3 கிலோமீட்டர், 14 ஸ்டேஷன், ஒத்தத் தண்டவாளம், ரெண்டு பெட்டி வண்டி, அவ்ளோதான்.

நான் பேங்குல கேஷியரா இருந்து ரிட்டயர் ஆனவன். ரயில் பைத்தியம், சின்ன வயசுலேர்ந்து. பொண்ணு ஒசாகா பக்கத்துல சகாய்ல இருக்கா, மூணு மாசம்னு வந்து உக்காந்திருந்தோம், காலைல காபி குடிச்சிட்டு லெவல் கிராஸிங்ல போய் நின்னு நான்கைங்கிற ரயில் கம்பெனியோட வண்டிங்கள எண்ணுறது, சாயங்காலம் மாப்பிள்ளையோட டிவில பேஸ்பால், இதான் என் டைம்டேபிள். வீட்டம்மாவுக்கு ரெண்டுமே ஆகாது. அவங்களுக்குப் பூனை. ஊர்ல மணின்னு ஒண்ண பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்து தினம் வீடியோ கால்ல கொஞ்சுறாங்க, அது ஒரு தடவை கூட போனப் பாத்ததில்ல. ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு எடம் வேணும்னு மாப்பிள்ளை கண்டுபுடிச்சதுதான் இந்த லைன்.

நாங்க போனது 2023 நவம்பர். அந்த மாசம் 5ஆம் தேதிதான் ஹான்ஷின் டைகர்ஸ்ங்கிற இந்தப் பக்கத்து பேஸ்பால் டீம் ஜப்பான் சீரிஸ், அதான் சாம்பியன் பட்டத்துக்கான ஃபைனல், ஜெயிச்சாங்க, 1985க்கு அப்புறம் 38 வருஷம் கழிச்சு, அதுவும் பக்கத்து ஊட்டு ஓரிக்ஸ் டீம ஏழாவது மேட்ச்ல தோக்கடிச்சு. 85ல ஜெயிச்ச சந்தோஷத்துல கேஎஃப்சி தாத்தா சிலைய டோட்டன்போரி ஆத்துல தூக்கிப் போட்டுட்டாங்களாம், அதுலேர்ந்து சாபம்னு ஊரே நம்பிட்டு இருந்துச்சு, சிலைய 2009ல வெளிய எடுத்தும் இன்னும் 14 வருஷம் காத்திருக்க வேண்டியதாப் போச்சு. மேனேஜர் ஒகாதா வருஷம் பூரா சாம்பியன்ங்கிற வார்த்தையவே வாயால சொல்லல, 'அரே'ன்னுதான் சொன்னாரு, அப்டின்னா 'அது'. எங்க பாட்டி ராத்திரில பாம்ப பாம்புன்னு சொல்ல விடமாட்டா, பூச்சின்னு சொல்லணும். அதே கதைதான்.

இதுல ரயில் எங்க வருதுன்னு கேப்பீங்க. ஹான்ஷின்ங்கிறதே ஒரு ரயில் கம்பெனி! டைகர்ஸ் ஆடுற கோஷியன் ஸ்டேடியம் 1924ல அவங்க கட்டினது, மேட்ச் பாக்க ஜனம் வந்தா ரயில் டிக்கெட் விக்கும்ல. ஹான்க்யூ, கின்டெட்சுன்னு இந்தப் பக்கத்து ரயில் கம்பெனி பாதிக்கு சொந்தமா டீம் இருந்திருக்கு. நாங்க வண்டி ஏறுன நான்கைக்கும் ஹாக்ஸ்னு ஒரு டீம், நம்பா ஸ்டேஷனை ஒட்டியே ஸ்டேடியம், 1988ல டீம வித்துட்டாங்க, அது ஃபுகுவோகா போயிடுச்சு. ஸ்டேடியம் இருந்த எடத்துல இப்ப நம்பா பார்க்ஸ்னு ஷாப்பிங் மால். ஹோம் பிளேட் இருந்த எடத்துக்கு மட்டும் தரையில அடையாளம் பதிச்சு வெச்சிருக்காங்க, ஜனங்க ஷாப்பிங் பையோட அது மேலயே நடந்து போறாங்க. மாப்பிள்ளை அதுல நின்னு பேட் புடிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துக்கிட்டார்.

அதே நான்கைதான் கிஷிகாவா லைனும் நஷ்டம்னு கைய விரிச்சது. ஊர்க்காரங்க போராடி, 2006ல ஒகாயாமா பஸ் கம்பெனி குரூப் ஒண்ணு எடுத்துச்சு. கிஷி ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்காரம்மா வளத்த தாமாங்கிற பூனைய 2007 ஜனவரில ஸ்டேஷன் மாஸ்டர் ஆக்கி, சம்பளம் பூனைத் தீனி, தலைக்குக் குட்டித் தொப்பி. கூட்டம் வந்துச்சு, லைன் பொழச்சுது. பேஸ்பால் டீமெல்லாம் செய்யுற வேலைய ஒரு பூனை செஞ்சிடுச்சு, செலவு எவ்ளோ கம்மி பாருங்க.

சரி வண்டிக்கு வரேன். வக்கயாமா ஸ்டேஷன்ல 9ஆம் நம்பர் பிளாட்பாரம், ஒரு நாள் டிக்கெட் நான் வாங்குனப்ப 800 யென், காசா எடுத்துட்டுப் போங்க. எங்களுக்கு வந்தது தாமா வண்டி. மூஞ்சில மீசை, மேல ரெண்டு காது, ஒடம்பு பூரா பூனைப் படம், 101 இருக்காம், வீட்டம்மா எண்ண ஆரம்பிச்சு நாப்பதுல விட்டுட்டாங்க. உள்ள மரத்தரை, மர பெஞ்சு, புஸ்தக அலமாரி எல்லாம் இருக்கு. ஆனா இந்த பெயின்ட்டுக்கு அடியில இருக்கறது நான்கையோட பழைய 22000 சீரிஸ், கோயா மலை ஏறுறதுக்காக 1969 வாக்குல செஞ்சு விட்ட வண்டி, கெளம்பும்போது மோட்டார் அடித்தொண்டைல உறுமிட்டு மெல்ல மேல ஏறும் பாருங்க, கண்ண மூடிட்டு கேட்டேன், அந்த சத்தத்துக்கே 800 குடுக்கலாம். வண்டில கார்டுன்னு தனி ஆள் கிடையாது, டிரைவர் ஒருத்தர்தான், வெள்ளைக் கையுறை போட்ட கைய நீட்டி ஒவ்வொரு சிக்னலையும் காட்டி வாய்விட்டு சொல்லிக்கிட்டே ஓட்டுறார். ஆளே இல்லாத வளைவுல கூட சொல்றார். நான் பின்னாடியே நின்னுட்டேன், அரை மணி நேரமும் உக்காரவே இல்ல.

கிஷி ஸ்டேஷன் கூரையே பூனைத் தலை மாதிரிதான், மரப்பட்டைல வேஞ்சிருக்காங்க, 2010ல கட்டினது. தாமா 2015ல போயிடுச்சு, பிளாட்பாரத்துலயே அதுக்கு ஒரு குட்டிக் கோயில். அடுத்து வந்தது நிதமா, ரெண்டாம் தாமான்னு அர்த்தம். கண்ணாடி ரூம்ல முதுகக் காட்டிட்டுப் படுத்திருந்துச்சு. ஒரு குழந்தை கண்ணாடிய தட்டப் போச்சு, அதோட அம்மா டக்குனு கையப் புடிச்சாங்க. வீட்டம்மா இருவது நிமிஷம் அசையாம நின்னாங்க, ஒரே ஒரு தடவை வால் நுனி ஆடுச்சு, "பாத்தீங்களா, என்னப் பாத்துதான்"ன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல.

சாப்பாடு சைவக்காரங்களுக்குக் கஷ்டம். வக்கயாமால ஒரு கடைல கறி வேணாம் மீன் வேணாம்னு போன்ல டிரான்ஸ்லேட் பண்ணி காட்டி, அவரும் தலைய தலைய ஆட்டி, வந்த உடான் நூடுல்ஸ் மேல மீன் சீவல் ஆவில நெளிஞ்சிட்டு இருக்கு. காசு குடுத்துட்டு எந்திரிச்சு வந்துட்டோம். நல்லவேளை பொண்ணு புளியோதரை கட்டிக் குடுத்திருந்தா, கிஷி பிளாட்பார பெஞ்சுல உக்காந்து சாப்டோம், எதுத்தாப்ல ஸ்ட்ராபெரி படம் போட்ட இதே லைன் ரயில் வந்து நின்னுது (அந்த ஊர்ல ஸ்ட்ராபெரி ஃபேமஸ்).

திரும்புறப்ப இடாகிசோ ஸ்டேஷன்ல எறங்குங்க, வண்டி ஷெட் அங்கதான், ரோட்டுலேர்ந்தே நல்லாத் தெரியும். 

அஞ்சுக்கு நாலரை. அரை கொறச்சது உமெபோஷி (ஜப்பான் பிளம் ஊறுகாய்) பேர்ல இந்த லைன்ல ஓடுற வண்டி அன்னிக்கு ஓடாததால, அது என் ஆத்திரம், அவங்க தப்பு இல்ல. பூனைக்கு வார லீவு உண்டு, அது எந்த நாள்னு பாத்துட்டுப் போங்க. வீட்டம்மாகிட்ட கேட்டா அஞ்சுக்கு ஆறுங்கறாங்க. அன்னிக்கு ராத்திரி மணிக்கு கால் போட்டு நிதமா போட்டோவ காட்டுனாங்க, பக்கத்து வீட்டம்மாதான் நல்லா இருக்குன்னு சொன்னாங்க, மணி தட்டுல இருந்து தலையத் தூக்கல.