வாட்ஸ்அப் போன பிறகும் கையில் இருக்கும் கைஓஎஸ்

கைஓஎஸ் என்றால் நம்மில் பலருக்குச் சட்டென்று பிடிபடாது. ஜியோபோன் என்றால் உடனே தெரியும். இந்தியாவில் 10 கோடிக்கும் மேல் விற்ற அந்த பட்டன் போனுக்குள் ஓடிக்கொண்டிருந்த இயங்குதளம் (ஓஎஸ்) கைஓஎஸ்தான். 2018-ல் இந்தியாவில் ஐபோனின் ஐஓஎஸ்ஸையே பின்னுக்குத் தள்ளி ஆண்ட்ராய்டுக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது என்று அப்போது செய்திகள் வந்தன. வைத்திருந்தவர்கள் யாரும் அதைக் கொண்டாடவில்லை. தங்கள் போனில் ஓஎஸ் என்று ஒன்று இருப்பதே அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் இரண்டு கைஓஎஸ் போன்கள். அம்மாவிடம் ஜியோபோன். என்னிடம் நோக்கியா 8110 4ஜி, அந்த மஞ்சள் நிற வாழைப்பழ மாடல். அம்மாவுக்கு வெகுநாள் அதுதான் ஒரே போன். எனக்கு அது இரண்டாவது போன், ஆண்ட்ராய்டிலிருந்து கொஞ்சம் தப்பிக்க வாங்கியது. "இந்த மாதிரி போன் இப்ப வாங்கலாமா?" என்று இன்னமும் சிலர் கேட்கிறார்கள். பேசுவதற்கான போனாக மட்டும் என்றால் தாராளமாக. சின்ன ஸ்மார்ட்போன் என்று நினைத்து வாங்குவதாக இருந்தால் வேண்டாம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இதன் பூர்வீகம் ஃபயர்பாக்ஸ் ஓஎஸ். பிரவுசர் செய்யும் மொசில்லா 2011-ல் தொடங்கிய திட்டம் அது. ஆப்கள் எல்லாமே வெப்சைட் எழுதும் அதே ஹெச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்டில் இருக்கும். 2014-ல் இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் என்று 1,999 ரூபாய்க்கு இங்கே ஒரு போன் வந்ததே, நினைவிருக்கிறதா? 128 எம்பி ரேம், 2ஜி மட்டும். அதை வாங்கியவர்களின் பொறுமையைப் பாராட்ட வேண்டும். 2015 கடைசியில் மொசில்லா ஃபயர்பாக்ஸ் ஓஎஸ் ஸ்மார்ட்போன்களைக் கைவிட்டது. ஆனால் மூல நிரல் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்த நிலையில் இருந்தது. அதை எடுத்து, தொடுதிரையைக் கழற்றிவிட்டு, பட்டன் போனுக்கு ஏற்றபடி மாற்றியதுதான் கைஓஎஸ். 2017 ஜூலையில் முகேஷ் அம்பானி 1,500 ரூபாய் திரும்பக் கிடைக்கும் டெபாசிட்டுக்கு ஜியோபோனை அறிவித்ததும் அதன் அதிர்ஷ்டம் ஒரே நாளில் மாறிவிட்டது.

பயன்பாட்டு அனுபவத்துக்கு வருகிறேன். திரையின் அடியில் எப்போதும் மூன்று சொற்கள் இருக்கும், இடது, நடு, வலது. அவற்றுக்கு நேர் கீழே மூன்று பட்டன்கள். இந்தத் திரையில் என்னென்ன செய்ய முடியுமோ அது அந்த மூன்றில் எழுதியிருக்கும். அவ்வளவுதான். இடமிருந்து தேய்க்க வேண்டுமா, மேலிருந்து இழுக்க வேண்டுமா, மூன்று புள்ளியைத் தேட வேண்டுமா என்ற குழப்பமே இல்லை. அம்மா மெனுவைத் தமிழில் வைத்துக்கொண்டு, யாரும் சொல்லித்தராமல் தானே கற்றுக்கொண்டார். ஆண்ட்ராய்டு வாங்கித் தந்த பிறகு இன்றுவரை "கை பட்டு எங்கேயோ போயிடுச்சு" என்று வாரம் ஒரு தடவையாவது போனை நீட்டுகிறார். பட்டன் போனில் அந்தப் பேச்சே வந்ததில்லை. அழுத்தினால்தானே எங்காவது போகும்!

என் 8110-இல் ஸ்லைடரை இழுத்தால் அழைப்பு எடுக்கும், மூடினால் துண்டிக்கும். இந்த ஒரு சுகத்துக்காகவே பல மாதம் அதை முதல் போனாக வைத்திருந்தேன். எண் பட்டன்களால் எழுதும் டி9 தட்டச்சு கை மறக்காத தலைமுறையில் நானும் ஒருவன் என்பதால் ஆங்கிலக் குறுஞ்செய்தி சிரமமில்லை. வைஃபை ஹாட்ஸ்பாட் இருந்ததால் லேப்டாப்புக்கு நெட் கொடுத்தேன். கூகுள் கணக்கைப் போட்டால் தொடர்பு எண்களும் காலண்டரும் வந்துவிடும். 1,500 எம்ஏஹெச் பேட்டரி, கழற்றி மாட்டலாம். கூகுள் மேப்ஸ் இருந்தது, ஆனால் திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லாது. இடத்தைப் பார்த்துவிட்டு, மிச்சத்தைப் பெட்டிக்கடையில் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பிரவுசர் மட்டும் தனிக் கதை. திரையில் ஒரு அம்புக்குறி வரும், அதைத் திசைப் பட்டனால் நகர்த்தி நகர்த்தி இணைப்பைத் தொட வேண்டும். ரயில்வே டிக்கெட் தளத்தை ஒரு முறை திறந்து பார்த்தேன். தட்கல் நேரத்தில் செய்யும் காரியமில்லை என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு பக்கமும் உண்டு, அது என்னைப் போன்ற நோண்டும் ஆசாமிகளுக்கு. டயல் செய்யும் இடத்தில் *#*#33284#*#* என்று அடித்தால் 8110-இல் டெவலப்பர் வசதி திறக்கும். அந்த எண்களை டி9-இல் எழுத்தாக்கிப் பாருங்கள், ‘டீபக்’ (பிழை களைவது) என்ற ஆங்கிலச் சொல் வரும். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரில் இணைத்து நாமே எழுதிய ஆப்பைப் போடலாம். பனானா ஹேக்கர்ஸ் என்ற குழுவினர் இதையெல்லாம் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து எழுதி வைத்திருக்கிறார்கள். பால் கணக்கு எழுத நான் ஒரு குட்டி ஆப் செய்து போட்டேன். ஐம்பது வரிகூட இருக்காது. ஆண்ட்ராய்டில் இவ்வளவு எளிதாக ஒன்றைச் செய்ய முடியாது. கைஓஎஸ்ஸுக்குச் சொந்தமாக இருந்த நல்லவை என்றால் இந்த எளிமையும் மேலே சொன்ன மூன்று பட்டனும்தான். மற்றதெல்லாம் இரவல்.

அந்த இரவல்தான் பிரச்சினை. மக்கள் இந்த போனை வாங்கியது மூன்று பட்டனுக்காக இல்லை. வாட்ஸ்அப்புக்காக, யூடியூபுக்காக, ஜியோ கொடுத்த மலிவு விலைக்காக. 2018 செப்டம்பரில் ஜியோபோனுக்கு வாட்ஸ்அப் வந்தபோது எங்கள் சொந்தக்காரர்கள் குழுவில் திடீரென்று அத்தைகள், சித்திகள் எல்லாரும் குடியேறினார்கள். வீடியோ கால் கிடையாது. ஆனால் குரல் பதிவு உண்டு, அதுவே போதுமாக இருந்தது. எழுதத் தயங்குகிறவர்களுக்கு அழுத்திப் பிடித்துப் பேசிவிட்டு விடுவது எவ்வளவு பெரிய வசதி! அம்மாவின் போனில் பாதி இடம் சித்தியின் குரல் பதிவுகளுக்கே போனது.

அதே 2018-ல் கூகுள் கைஓஎஸ் நிறுவனத்தில் 2.2 கோடி டாலர் முதலீடு செய்தது. ஆப்பிரிக்காவில் ஆரஞ்சு நிறுவனம் 20 டாலர் அளவில் சன்சா என்ற போனைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் மடக்கு போன்களில் கைஓஎஸ் நுழைந்தது. எல்லாம் கூடி வந்த காலம் அது.

சறுக்கல் எங்கே தொடங்கியது என்று கேட்டால் நான் இன்ஜினைத்தான், அதாவது வெப் பக்கங்களைத் திறந்து காட்டும் உள்பகுதியைத்தான் சொல்வேன். ஜியோபோன், 8110 இரண்டிலும் இருப்பது கைஓஎஸ் 2.5. அதன் உள்ளே இருக்கும் கெக்கோ இன்ஜின் 48-ஆம் பதிப்பு, 2016-ஐச் சேர்ந்தது. இணையத்தையே ஆப்பாக நம்பியிருக்கும் ஒரு ஓஎஸ், பழைய இணையத்திலேயே நின்றுவிட்டது. ஆண்டுகள் போகப்போக ஒவ்வொரு தளமாகத் திறக்காமல் போனது. வெள்ளைப் பக்கம் வரும், அல்லது பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. 2020-ல் மொசில்லாவுடன் மீண்டும் கைகோத்து, 2021-ல் கெக்கோ 84-உடன் கைஓஎஸ் 3.0 வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் ஏற்கனவே மக்கள் கையில் இருந்த போன்களுக்கு அது ஏறவில்லை. பழைய ஆப்களையும் புதியதற்கு ஏற்ப மாற்றி எழுத வேண்டியிருந்தது. வாட்ஸ்அப் அந்த வேலையில் இறங்கவில்லை. ஆக, வாட்ஸ்அப் வேண்டுமென்றால் பழைய பதிப்பு, இன்றைய இணையம் வேண்டுமென்றால் புதிய பதிப்பு. கோடிக்கணக்கான பேர் ஒரு பக்கம், எதிர்காலம் மறுபக்கம் என்று ஓஎஸ் இரண்டாகப் பிளந்தது இங்கேதான் என்பது என் எண்ணம். பிறகு நடந்த வாட்ஸ்அப் விலகல் இதன் விளைவே.

ஜியோவின் பார்வையும் திரும்பியது. 2021 தீபாவளிக்கு வந்த ஜியோபோன் நெக்ஸ்ட் ஆண்ட்ராய்டு அடிப்படையிலானது. 2023-ல் 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத்தில் கைஓஎஸ் இல்லை. கணக்கு எளிது. கைஓஎஸ்ஸுக்கு 256 எம்பி ரேமாவது வேண்டும். அதைவிடச் சின்ன ஓஎஸ் போட்டால் போன் விலை ஆயிரத்துக்குள் அடங்கும். இன்னொரு பக்கம் கிளவுட்போன் என்ற உத்தி வந்துவிட்டது. பக்கத்தைத் திறக்கும் வேலையை எங்கோ இருக்கும் சர்வர் செய்துகொள்ளும், போன் படத்தை மட்டும் காட்டும். 2024-ல் வந்த நோக்கியா 3210 4ஜியில் யூடியூப் அப்படித்தான் ஓடுகிறது, கைஓஎஸ் தேவைப்படவில்லை. மேலே ஆண்ட்ராய்டு விலை இறங்கிக்கொண்டே வருகிறது, கீழே இந்த எளிய போன்கள் ஏறி வருகின்றன. நடுவில் நிற்க இடம் எங்கே?

2024 ஜூனில் கைஓஎஸ்ஸுக்கான வாட்ஸ்அப்பைப் புதிதாக இறக்குவது நின்றது. ஏற்கனவே வைத்திருந்தவர்களுக்கு 2025 தொடக்கம் வரை கெடு. வாட்ஸ்அப்பை நான் குறை சொல்ல மாட்டேன், எட்டு வருடப் பழைய இன்ஜினுக்குத் தனியாக ஒரு ஆப் எழுதிக் காப்பாற்றுவது யாருக்குமே கட்டுப்படியாகாது. எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. அறிவிப்புக்குச் சில மாதம் முன்பு, 2023 கடைசியில், வாட்ஸ்அப் உண்டு என்று சொல்லி ஜியோபோன் பிரைமா 2,599 ரூபாய்க்கு வந்திருந்தது. அறிவிப்புக்குப் பிறகு 2024 செப்டம்பரில் பிரைமா 2 வந்தது, அதுவும் கைஓஎஸ் 2.5 வரிசையேதான். இந்த ஓஎஸ் இருக்கப்போகிறதா, போகப்போகிறதா என்பதைக் கடைக்கு வரும் போன்களைப் பார்த்து முடிவு செய்யவே முடியவில்லை.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது முதலில் கேட்டது, "ஏம்ப்பா, போன் கெட்டுப் போச்சா?" கெடவில்லை என்றேன். "அப்புறம் ஏன் வராது?" இதற்கு என்னிடம் ஓர் எளிய பதில் இல்லை. நான் ஊரில் இல்லாத ஒரு நாள் பக்கத்து செல்போன் கடையில் கொடுத்திருக்கிறார். சாஃப்ட்வேர் போட்டால் வந்துவிடும் என்று சொல்லி இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, ரீசெட் செய்து கையில் கொடுத்துவிட்டார்கள். போனிலேயே சேமித்திருந்த எண்கள் எல்லாம் போச்சு. சிம்மில் இருந்த கொஞ்சம் மட்டும் மிஞ்சியது.

அதனால் இன்னும் கைஓஎஸ் போன் வைத்திருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், முதல் வேலையாகத் தொடர்பு எண்களை மெமரி கார்டுக்கோ கூகுள் கணக்குக்கோ ஏற்றிவிடுங்கள். படங்களையும் குரல் பதிவுகளையும் கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடுத்துவிடலாம். வாட்ஸ்அப் அதே எண்ணில் ஆண்ட்ராய்டில் போட்டால் குழுக்கள் தானாக வந்துவிடும், பழைய உரையாடல்கள் வராது. யாராவது கடையில் வாட்ஸ்அப் மறுபடியும் போட்டுத் தருகிறேன் என்றால் காசு கொடுக்காதீர்கள்.

பணம் அனுப்ப ஆண்ட்ராய்டு இல்லாமல் வழியே இல்லை என்பதும் சரியில்லை. பட்டன் போன்களுக்காகவே ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் யுபிஐ 123பே என்ற வசதியைத் தொடங்கி வைத்தது, அழைப்பு மூலமே அனுப்பலாம். *99# என்று டயல் செய்து அனுப்பும் வழி அதற்கும் முன்பே இருக்கிறது. இரண்டுக்கும் ஓஎஸ் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. ஓடிபி குறுஞ்செய்தியாக வரும் வரை வங்கி வேலையிலும் பாதி நடக்கும். கியூஆர் ஸ்கேன் செய்து பழகியவர்களுக்கு இது ஒத்துவராது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி இதன் கதி என்ன? நெட்வொர்க் இல்லாமல் நாளைக்கே ஊமையாகிவிடாது. ஜியோபோனும் 8110-உம் 4ஜி போன்கள், 4ஜி இருக்கும் வரை பேசலாம். ஜியோபோனில் ஜியோ சிம் மட்டும்தான் ஓடும் என்பதால் அந்த முடிவு நம் கையில் இல்லை. புதிய ஆப்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, இருக்கும் ஆப்களும் ஒவ்வொன்றாக நிற்கும். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல் போன்றவற்றை இந்தப் பழைய பிரவுசரில் திறக்க வேண்டாம், பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கும் மென்பொருள் அது. மூன்று பட்டன் வடிவமைப்பை ஆண்ட்ராய்டு பக்கம் யாராவது எடுத்துக்கொண்டால் நான் முதல் ஆளாக வாங்குவேன். முதியவர்களுக்கான போன் என்று இங்கே விற்பவற்றில் ஐகானைப் பெரிதாக்குவதைத் தாண்டி எதையும் நான் பார்த்ததில்லை.

என் 8110-ஐ இன்னும் வைத்திருக்கிறேன், பேசவும் ஹாட்ஸ்பாட்டுக்கும். அம்மாவின் ஜியோபோன் வாட்ஸ்அப் இல்லாமலே ரேடியோவுக்கும் டார்ச்சுக்கும் அழைப்புக்கும் ஓடுகிறது. ஆண்ட்ராய்டில் பேசும்போது கன்னம் பட்டு கட் ஆகிவிடுகிறதாம், அதனால் சித்தியை இதிலிருந்துதான் கூப்பிடுகிறார். பேட்டரி கொஞ்சம் உப்ப ஆரம்பித்திருக்கிறது. ஊருக்குப் போகும்போது முதலில் அதை மாற்ற வேண்டும்.