ஸ்காட்லாந்து கடலோரக் காத்துக்கு ஒரு பாலிடனல்: மூணரை வருஷம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

2021 நவம்பர் 26 வெள்ளிக்கிழமை ராத்திரி ஆர்வென் புயல் அடிச்சப்போ எங்க மொத பாலிடனல், அதாவது வளைவு பைப் மேல பாலித்தீன் போத்தி உள்ள செடி வளர்க்கிற கூடாரம், பறந்து போச்சு. ஆன்லைன்ல 90 பவுண்டுக்கு வாங்கினது, பச்சைக் கட்டம் போட்ட கவர், ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகுற மெல்லிசு பைப், நாலு மூலைக்கும் கூடாரத்துக்கு அடிக்கிற மாதிரி ஒரு முளை, அவ்ளோதான். காலைல பாத்தா பைப் எல்லாம் முறுக்கிக்கிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் அறுப்பு முடிஞ்ச பார்லி வயல்ல கெடக்கு, கவரைக் காணவே காணோம். எங்க அபர்டீன்ஷையர் பக்கம் அன்னிக்கு மரங்க கணக்கில்லாம சாஞ்சுது. வழக்கமா தென்மேற்குலேர்ந்து அடிக்கிற காத்து அன்னிக்கு வடக்கேருந்து வந்துது, அந்தப் பக்கத்துக் காத்துக்கு வேர் பழகவே இல்லன்னு அப்புறம் சொன்னாங்க. அதனால புயல்ல போனதுக்கு அந்த டனலைத் திட்ட மாட்டேன். ஆனா அந்த ரக டனலுக்கு புயல்கூட வேணாம், இங்க மார்ச் மாசம் அடிக்கிற சாதாரணக் காத்தே போதும், தயவுசெஞ்சு அதுல காசு போடாதீங்க.

அடுத்து 2022 வசந்தத்துல வாங்கினதைப் பத்திதான் இந்த ரிவ்யூ. 10 அடி அகலம், 20 அடி நீளம், கால்வனைஸ் பண்ண இரும்பு வளைவு பைப், அதை நிறுத்த தரைக்குள்ள அடிக்கிற குழாய், மேல 800 கேஜ், அதாவது 200 மைக்ரான் பாலித்தீன், வெயில்ல நொறுங்காம இருக்க யூவி ட்ரீட்மெண்ட் பண்ணது. டெலிவரியோட 640 பவுண்டு ஆச்சு, கதவுச் சட்டத்துக்கு மரம் நாங்களா வாங்கினது இன்னொரு 110. கம்பெனி பேரு போடல, இதே டிசைனை நாலஞ்சு பேரு விக்கிறாங்க, நான் சொல்றது பெரும்பாலும் எல்லாத்துக்கும் பொருந்தும்.

ஃபிட்டிங் ரெண்டு பேர் இல்லாம முடியவே முடியாது. மேனுவல்ல ஒரு வீக்கெண்ட்னு போட்டிருக்கு, எங்களுக்கு மூணு வாரம். எங்க மண்ணுல ரெண்டு கை ஆழத்துக்கு மேல போனா கிரானைட் கல்லுதான், குழாய் அடிக்கிறப்போ டங்குன்னு நிக்கும், புடுங்கி அரை அடி தள்ளி மறுபடி அடிக்கணும், எல்லாம் ஒரே நேர்கோட்டுல வேற வரணும். அப்புறம் சுத்தி ஒரு அடிக்கு மேல பள்ளம் தோண்டி ஷீட்டோட ஓரத்தை அதுக்குள்ள போட்டுப் புதைக்கணும். இப்ப புதைக்காம மரச்சட்டத்துல அடிக்கிற மாடலும் வருது, வேலை கம்மி, ஆனா நீங்க கடலோரமா இருந்தா பள்ளம் தோண்டுங்க. அந்த மண்ணோட கனம்தான் டனலைப் புடிச்சு வைக்குது.

ஷீட் போடுற நாள் ரொம்ப முக்கியம். வெயில் இருக்கணும், காத்து இருக்கக்கூடாது. வெயில்ல பாலித்தீன் இளகும், அப்ப இழுத்துக் கட்டினா சாயங்காலம் குளிர்ந்ததும் தோல் மாதிரி இறுகிடும், குளிர்ல போட்டீங்கன்னா முதல் வெயிலுக்கே தொளதொளன்னு ஆகி காத்துல படபடன்னு அடிச்சுக்கும், அப்படி அடிச்சுக்கிற ஷீட்தான் கிழியும். வெயிலும் காத்தில்லாததும் சேர்ந்து வர்ற ஒரு நாளுக்கு பதினாறு நாள் காத்திருந்தோம். வெயில் வந்தா காத்து வரும், காத்து நின்னா கடல்லேர்ந்து ஹார் வந்துடும், ஹார்னா கிழக்குக் கடற்கரையில வர்ற குளிர்ந்த கடல் மூடுபனி, ஜூன்லயே ஸ்வெட்டர் போட வைக்கும். கடைசியா ஒரு செவ்வாய்க்கிழமை எங்க வீட்டுக்காரர் லீவு போட்டார், பக்கத்து வீட்டுத் தாத்தாவும் வந்தார், மூணு பேரா மூணு பக்கம் இழுத்தோம். முடிச்சிட்டு விரலால ஷீட்டைத் தட்டினா மத்தளம் மாதிரி டும்முனு சத்தம் வந்துது. இன்னிக்கும் அந்தச் சத்தம் மாறல, ரிவ்யூல எனக்கு அதுவே பெரிய பாயிண்ட்.

அதுக்கப்புறம் 2023 அக்டோபர்ல பாபெட், 2024 ஜனவரில ஈஷா, 2025 ஆகஸ்ட் 4 ஃப்ளோரிஸ்னு எல்லாப் புயலையும் பாத்தாச்சு. பாபெட்ல ஒரு ஓரமா மண்ணு அரிச்சுது, மறுபடி கல்லு வச்சு மூடினோம். ஃப்ளோரிஸ்தான் எனக்கு வயித்தைக் கலக்கினது, ஏன்னா ஆகஸ்ட்ல செடி எல்லாம் நிறைஞ்சு நிக்கிற சமயம். வெளியில கம்புல ஏத்தின பீன்ஸ் மொத்தமா படுத்துருச்சு, டனலுக்குள்ள தக்காளில ஒரு காம்பு ஒடியல. மறுநாள் காலைல உள்ள போய் ஒவ்வொரு செடியா தொட்டுத் தொட்டுப் பாத்தேன்.

இங்க செடி வளர்க்கிறதுக்கு எதிரி குளிருன்னுதான் நாம நினைப்போம், நானும் முதல் ரெண்டு வருஷம் அப்படி நினைச்சுதான் ஃப்ளீஸ், அதாவது செடிக்குக் குளிருக்குப் போத்துற மெல்லிசு துணி, வாங்கி வாங்கிப் போத்தினேன், அது காத்துல கிழிஞ்சு ரோஜாச் செடில தொங்கும். உண்மையில எதிரி காத்துதான். எங்க ஊர்ல ஜூலையில பகல் வெப்பம் சராசரியா 18 டிகிரிதான், அந்த 18லயும் கோஸ், பட்டாணி, உருளைக்கிழங்கு எல்லாம் சந்தோஷமா வளரும். ஆனா காத்து இலையில இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருந்தா செடி இலைத்துளைங்களை மூடிக்கும், மூடினா வளர்ச்சி நின்னுடும். பூசணி இலையோட ஓரத்தைப் பாருங்க, அடுப்புல வாட்டின அப்பளம் மாதிரி பழுப்பா சுருண்டிருக்கும், நோயும் இல்ல, பூச்சியும் இல்ல, காத்து. கடல் பக்கம்னா உப்பும் சேந்துக்கும்.

இதை இந்த ஊர்க்காரங்க என்னிக்கோ கண்டுபிடிச்சிட்டாங்க. போன வருஷம் ஷெட்லாந்து தீவுகளுக்குப் போயிருந்தப்போ மலைச்சரிவுல வட்டமா கல்லு அடுக்கின குட்டிக் குட்டிச் சுவருங்க பாத்தேன், பிளான்டிக்ரப்னு பேரு, அதுக்குள்ளதான் அந்தக் காலத்துல கேல்ங்கிற கோஸ் வகைக் கீரைக்கு நாத்து விட்டு வளர்த்திருக்காங்க. கூரை கிடையாது, கண்ணாடி கிடையாது, சுத்தி ஒரு சுவர் மட்டும்தான், காத்தை நிறுத்தினாலே நாத்து பொழைச்சுக்கும்னு தெரிஞ்சிருக்கு. அந்தப் பேரை வச்சுதான் இப்ப அங்கயே பாலிக்ரப்னு ஒண்ணு செய்யுறாங்க, சால்மன் பண்ணைல கழிச்சுப் போட்ட பைப்பை வளைச்சு, மேல பாலிகார்பனேட் ஷீட் போட்டது. உள்ள நின்னு பாத்தேன், அசைக்கவே முடியல. விலை என்னோடதை விட ரொம்ப அதிகம், ஆனா தீவுல, மேட்டுல, மறைப்பே இல்லாத இடத்துல இருக்கிறவங்க என் டனலை வாங்காம அதுக்குக் காசு சேர்க்கிறது நல்லதுன்னு எனக்குத் தோணுது.

டனல் வாங்கினாலும் முன்னாடி ஒரு காத்துத் தடுப்பு வலை கட்டுங்க, பாதிக் காத்தை வடிகட்டிப் பாதியை விடுற வலை. பலகைச் சுவர் வச்சா காத்து அதைத் தாண்டிக் குதிச்சு பின்னாடி சுழிச்சு அடிக்கும், முன்னைக்கு இப்ப மோசமாயிடும். வலையோட உயரத்துல பத்து மடங்கு தூரம் வரைக்கும் ஓரளவு பலன் இருக்கும்னு கணக்கு. எங்களுது ஒன்றரை மீட்டர், அதோட மறைவுல வெளியில போட்ட பூண்டும் அகலப் பீன்ஸும் நல்லாவே வருது.

இப்ப எல்லாரும் கேக்குற கேள்வி, நம்ம ஊர் காய் வருமா. வெந்தயக்கீரை அட்டகாசமா வருது, மார்ச் கடைசில டனல்ல தூவினா ஏப்ரல் முடியறதுக்குள்ள ஒரு கூட்டுக்கு அறுக்கலாம், அந்த முதல் கட்டைக் கையில வச்சு மோந்து பாத்தப்போ அம்மாவுக்கு உடனே வீடியோ கால் போட்டேன். கொத்தமல்லிக்கு மே, ஜூன் வேணாம், இங்க ஜூன்ல பகல் பதினேழரை மணி நேரத்துக்கு மேல, கொத்தமல்லி நாலு இலை விட்டதும் பூவுக்கு ஓடிடும், பாலக்கும் அப்படித்தான். ஆகஸ்ட்ல போடுங்க, அக்டோபர் வரைக்கும் அறுக்கலாம். பச்சை மிளகாய் டனல்ல நிச்சயம் வரும், ஆனா பிப்ரவரியிலயே வீட்டுக்குள்ள நாத்து விட்டாகணும். தக்காளில சின்ன ரகம் மட்டும் போடுங்க, சங்கோல்ட் எனக்கு மூணு வருஷமும் ஏமாத்தல, பெரிய தக்காளி பழுக்கிறதுக்குள்ள வெயில் போயிடும். கத்திரி செடிக்கு நாலு காய், அதுவும் நல்ல வருஷத்துல. வெண்டைக்கு ரெண்டு வருஷம் பாடுபட்டேன், ராத்திரி வெப்பம் பத்துக்குக் கீழ போறப்போ அது அப்படியே மஞ்சளாகி நிக்கும், விட்டுட்டேன். கறிவேப்பிலையைக் கோடைல மட்டும் டனல்ல வச்சுட்டு செப்டம்பர்லயே சமையலறை ஜன்னலுக்குக் கொண்டாந்துடணும், ஹீட்டிங் இல்லாத டனலுக்குள்ளயும் உறைபனி புடிக்கும், இந்த டனல் குளிரைத் தடுக்கும்னு நம்பி யாரும் வாங்காதீங்க.

குறைன்னு பாத்தா, கதவுதான். கூட வந்த தாழ்ப்பாள் பொம்மை வீட்டுக்குப் போடுற சைஸ். காத்து எங்க வழியா உள்ள புகுந்தாலும் டனல் பலூன் மாதிரி உப்பித் தூக்கப் பாக்கும், அப்ப கதவுதானே உயிர்நாடி, அதுல போய் ஏன் கஞ்சத்தனம் பண்றாங்கன்னு எனக்கு இன்னிக்கும் கோவம் இருக்கு. முதல் மாசமே கழட்டி எறிஞ்சிட்டு மேலயும் கீழயும் ரெண்டு பெரிய கேட் போல்ட் போட்டோம். அப்புறம் வளைவு பைப் மேல ஒட்டுற நுரை டேப் ஒரு ரோல் குறைவா வந்துது. வெயில்ல இரும்பு சூடாகி ஷீட்டைத் தொடுற இடத்துலதான் முதல்ல நொறுங்கும், அதுக்குத்தான் அந்த டேப், அது இல்லாம ஷீட் போடவே கூடாது. போன் பண்ணதும் நாலு நாள்ல அனுப்பிட்டாங்க, மரியாதையா பேசினாங்க, அதையும் சொல்லணும்.

இன்னொண்ணு, ரெண்டு பக்கமும் கதவு வைங்க. வெளிய 15 டிகிரி இருக்கிறப்போ உள்ள 35ஐத் தொடும், ஒரு கதவு போதவே போதாது, காத்தோட்டம் இல்லன்னா ஷீட்லேர்ந்து சொட்டுற தண்ணில தக்காளிக் காம்புல சாம்பல் பூஞ்சை புடிக்கும். மழை ஊர்ல இருந்துக்கிட்டு டனலுக்குள்ள தினமும் தண்ணி ஊத்தணும்ங்கிறதும் முதல் வருஷம் மண்டைல ஏறவே இல்ல. ஒரு பீப்பாய் வச்சு ஷெட் கூரைத் தண்ணியைப் புடிச்சுக்கிறோம்.

உருளை, டர்னிப், கேல், லீக், பட்டாணி இதுக்கெல்லாம் டனல் தேவையே இல்ல, வெளிய வலை மறைவுல போதும். தாத்தா உருளைக்கிழங்கை டாட்டினு தான் சொல்வார், ஸ்காட்லாந்துல அக்டோபர் ஸ்கூல் லீவுக்கே டாட்டி ஹாலிடேஸ்னு பேரு, அந்தக் காலத்துல பசங்க கிழங்கு பொறுக்கப் போவாங்களாம். அவர் சொல்லித்தான் குளிர்காலத்துல கடற்கரைல ஒதுங்குற பாசியை அள்ளிட்டு வந்து பாத்தில போடுறோம், மண்ணு பொலபொலன்னு ஆயிடுச்சு.

வாங்கறதுக்கு முன்னாடி இடத்தை அளந்துக்கோங்க. தனியா அனுமதி வாங்காம வைக்கணும்னா வீட்டுக்குப் பின்னாடிதான் வைக்கணும், எல்லையிலேர்ந்து ஒரு மீட்டருக்குள்ள வந்தா உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக்கூடாது, கான்சர்வேஷன் ஏரியா, அதாவது பழைய கட்டடங்களுக்காகப் பாதுகாக்கிற பகுதின்னா ரூல்ஸ் வேற, கவுன்சில்ல கேட்டுடுங்க. ஆறடி அகலம் மலிவா கிடைக்குதுன்னு எடுக்காதீங்க, நடுவுல நடக்க வழி விட்டா ரெண்டு பக்கமும் ஒரு வரிசைதான் நிக்கும், வளைவுல தலையும் இடிக்கும்.

என்னோட மார்க் பத்துக்கு எட்டு, அந்த ரெண்டும் கதவுக்காகக் குறைச்சது. நேத்துதான் கடைசித் தக்காளிச் செடியைப் பிடுங்கினேன், மூணு கிலோ பச்சைக்காய், பாதியைத் தொக்கு போட்டாச்சு, மீதி பேப்பர்ல சுத்தி டிராயர்ல இருக்கு. காலியான பாத்தில பூண்டு ஊன்றணும், சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் கதவு போல்ட்டுக்கு எண்ணெய் போடச் சொல்லணும், வியாழக்கிழமை மறுபடி காத்துன்னு போட்டிருக்கான்.