சிவாராவா, கோமோவா?

ஆப்பிரிக்கக் கலை பற்றிய புத்தகத்தைப் புரட்டினால் எப்படியும் ஒரு மான் எட்டிப் பார்க்கும். மெல்லிய கழுத்து, நீளக் கொம்பு, இடைவெளி விட்டுச் செதுக்கிய பிடரி. மாலி நாட்டுப் பமானா மக்களின் சிவாரா அது. அதே மக்களின் கோமோ முகமூடியைக் காட்டினால், அடுப்பிலிருந்து எடுத்த கட்டையா என்று கேட்பார்கள். இரண்டையும் செதுக்குவது 'நுமு' எனப்படும் கொல்லர்கள்தான்.

கறாராகப் பார்த்தால் சிவாரா முகமூடியே அல்ல. கூடைபோல் முடைந்த தொப்பியில் பொருத்தித் தலையில் கட்டிக்கொள்வார்கள். ஆளை மறைப்பது நாராடைதான். 'சி' என்றால் உழவு, 'வாரா' என்றால் காட்டு விலங்கு. மனிதனுக்கு வெள்ளாமை சொல்லிக்கொடுத்தது பாதி மனிதனும் பாதி விலங்குமான ஒரு பிறவி என்பது அவர்கள் கதை. ஆடுவது ஜோடியாக: ஆண் மான் ஒன்று, முதுகில் குட்டி சுமக்கும் பெண் மான் ஒன்று. ஆண் சூரியன், பெண் நிலம், நாராடை மழை என்று விளக்கம் சொல்வார்கள். ஆடுபவர்கள் இரண்டு கைத்தடிகளை ஊன்றி, மானைப் போலக் குனிந்து நகர்வார்கள். பெண்கள் பாட, ஊரே கூடிப் பார்க்கும். மண்வெட்டியில் கெட்டிக்காரனையும் சிவாரா என்றே அழைப்பதுண்டு. மாலியின் செகு பக்கம் கொம்பு நிமிர்ந்து நிற்கும், பமாகோ பக்கம் படுத்திருக்கும்.

கோமோ நேரெதிர். அது ஆண்களின் ரகசியத் தீட்சைச் சங்கம் ஒன்றின் முகமூடி. கழுதைப்புலியின் அகன்ற வாய், மான் கொம்பு, பறவை இறகு, முள்ளம்பன்றி முள். இவற்றின் மேல் பலி ரத்தமும் மற்ற படையல்களும் அடுக்கடுக்காகக் காய்ந்து, அடியில் மரம் இருப்பதே தெரியாது. ஒவ்வொரு சடங்கிலும் மேலும் ஒரு பூச்சு ஏறுவதால் செதுக்கி முடித்த நாளோடு அதன் வேலை முடிவதில்லை. ஏறும் பூச்சோடு 'நியாமா' என்னும் ஆற்றலும் ஏறும். பெண்களும் விருத்தசேதனம் ஆகாத பையன்களும் அதைப் பார்க்கவே கூடாது.

அந்தப் பையன்களுக்கு வேறொரு சங்கம் உண்டு, ந்தோமோ. அதன் முகமூடியில் சீப்புப் பல் போலக் கொம்புகள் வரிசையாக நிற்கும், வாய் மிகச் சிறியதாக இருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. நாக்கை அடக்கு என்பதுதான் முதல் பாடம். கோமோ அதற்கப்புறம். கடைசிப் படி கோரே. அதன் கோமாளிகளான கோரெதுகாக்களின் சடங்கை 2011இல் யுனெஸ்கோ அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது.

சரி, இரண்டில் எது? கண்ணுக்கு அழகு வேண்டுமென்றால் சிவாரா, பேச்சே இல்லை. ஆனால் தீட்சைச் சங்கம் என்றால் என்னவென்று புரிய வேண்டுமென்றால் என் ஓட்டு கோமோவுக்கு. யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்ற கோடுதான் அங்கே எல்லாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் சிவாரா ஆட்டத்தை மட்டும் இழக்கிறது. கோமோவுக்கு அந்தக் கோடே போய்விடுகிறது.

கோமோவின் உடன்பிறப்பான கோனோ சங்கத்துக்கு இது நடந்தே விட்டது. 1931இல் மார்செல் கிரியோல் தலைமையிலான பிரெஞ்சு ஆய்வுக்குழு, கெமேனி ஊர்க்காரர்களை மிரட்டிப் புனிதப் பொருள்களை எடுத்துச் சென்றது. குழுவின் செயலாளர் மிஷெல் லேரிஸ் அதைத் தன் நாட்குறிப்பில் மறைக்காமல் எழுதி, 1934இல் அச்சிலும் கொண்டுவந்தார். அதே பயணத்தில் எடுத்த 'போலி' (boli) என்னும் பலிப்பொருள் இன்று பாரிஸின் கே பிரான்லி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அங்கே பெண்களுக்குத் தடை ஏதும் இல்லை.